வாய் இல்லாமல் சாப்பிடும் பூசணம்

மழைக்காலம். ஊறுகாய்ச் சாடியைத் திறக்கிறோம். மேலே வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கிறது. "அடடா, பூசணம் பூத்துவிட்டதே!" என்கிறோம். மூலையில் கிடந்த தோல் செருப்பை எடுக்கிறோம். அதன் மேலும் பச்சையாகப் பூசணம். நான்கு நாள் ஆன ரொட்டித் துண்டிலும் பூசணம்.

பூசணம் என்பது அழுக்கு அல்ல. தூசியும் அல்ல. அது ஓர் உயிர். அதற்குப் பசி உண்டு. அது வளரும். அது பெருகும். இதைப் பூஞ்சை என்றும், பூஞ்சாணம் என்றும் சொல்வார்கள். நாம் கறி வைத்துச் சாப்பிடும் காளானும் இந்தக் குடும்பம்தான்.

ஊறுகாய் கெட்டால் கொஞ்சம் நட்டம். தூக்கிப் போட்டுவிடலாம். ஆனால் இதே குடும்பத்தைச் சேர்ந்த சில பூசணங்கள் வயலுக்குள் வருகின்றன. களஞ்சியத்துக்குள் வருகின்றன. நம் உடம்பிலும் குடியேறுகின்றன. அவை ஒரு வருட உழைப்பை அழிக்கும். சில நேரம் உயிரையே பறிக்கும்.

பூசணம் எப்படிச் சாப்பிடுகிறது? இதைத் தெரிந்துகொண்டால் அதைத் தடுக்கும் வழியும் தெரிந்துவிடும். வாருங்கள், படிப்போம்.

செடியும் இல்லை, விலங்கும் இல்லை

செடி தன் உணவைத் தானே சமைக்கிறது. அதன் அடுப்பு பச்சை இலை. அதன் நெருப்பு சூரிய ஒளி. காற்றையும் தண்ணீரையும் கொண்டு சர்க்கரை செய்கிறது.

ஆடு, மாடு, மனிதர் யாருக்கும் இந்தச் சமையல் தெரியாது. செடியையோ, செடியைத் தின்ற விலங்கையோ நாம் உண்கிறோம். நமக்கு வாய் இருக்கிறது. வயிறு இருக்கிறது.

பூசணத்துக்குப் பச்சை நிற இலை இல்லை. சில பூசணம் பச்சையாகத் தெரியும். அது இலையின் பச்சை அல்ல. அதனால் உணவு சமைக்க முடியாது. பூசணத்துக்கு வாயும் இல்லை, பல்லும் இல்லை, வயிறும் இல்லை. பிறகு எப்படிச் சாப்பிடுகிறது?

முதலில் செரிக்கும், பிறகு உண்ணும்

பூசணத்தின் உடம்பு நூல் போன்றது. நூல் என்றால் தையல் நூல் அல்ல. தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லிய நூல். ஆயிரக்கணக்கான நூல்கள் சேர்ந்தால்தான் நம் கண்ணுக்குப் பஞ்சு போலத் தெரியும்.

இந்த நூல் உணவின் மேல் படரும். உணவுக்குள் நுழையும். பிறகு ஒரு சாற்றைக் கக்கும். நம் வயிற்றில் உணவைக் கரைக்கும் சாறு இருக்கிறது அல்லவா? அது போன்ற சாறுதான் இதுவும். அந்தச் சாறு பட்டதும் உணவு கரைந்து கஞ்சி போல ஆகிவிடும். அந்தக் கஞ்சியை நூல் உறிஞ்சிக்கொள்ளும்.

நாம் முதலில் சாப்பிடுகிறோம். பிறகு வயிற்றில் செரிக்கிறோம். பூசணம் முதலில் வெளியே செரிக்கிறது. பிறகுதான் உள்ளே எடுக்கிறது. அதன் வயிறு உடம்புக்கு வெளியே இருக்கிறது என்று சொல்லலாம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சாற்றைக் கக்க ஈரம் வேண்டும். உணவைக் கரைக்க ஈரம் வேண்டும். கரைந்ததை உறிஞ்சவும் ஈரம் வேண்டும். ஈரம் இல்லாவிட்டால் பூசணத்துக்குச் சாப்பாடு இல்லை. நமக்கு வாய் எப்படியோ, பூசணத்துக்கு ஈரம் அப்படி.

அதனால்தான் காய்ந்த அப்பளத்தில் பூசணம் வருவதில்லை. நமத்துப்போன அப்பளத்தில் வருகிறது.

பூசணம் எப்படிப் பெருகும்? அது தூள் போன்ற வித்துகளை உண்டாக்கும். பூசணம் பிடித்த ரொட்டியைத் தட்டினால் புகை போல ஒன்று பறக்கும். அதுதான் வித்து. அது காற்றில் போகும். தண்ணீரில் போகும். நம் கையிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு போகும். உணவும் ஈரமும் கிடைத்த இடத்தில் முளைக்கும்.

மூன்று வகைப் பிழைப்பு

எல்லாப் பூசணமும் ஒரே மாதிரி பிழைப்பதில்லை. மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி: செத்ததைத் தின்பது. உதிர்ந்த இலை, பட்ட மரம், சாணம், மீந்த சோறு இவற்றைத் தின்னும் பூசணங்கள் உண்டு. இவை மட்குண்ணிகள். குப்பையை எருவாக்குவதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. இவை இல்லாவிட்டால் காடு முழுவதும் சருகு மலையாகக் குவிந்துகிடக்கும்.

இரண்டாம் வழி: உயிரோடு இருப்பதை ஒட்டிப் பிழைப்பது. பயிர், விலங்கு, மனிதர் யாராக இருந்தாலும் அவர்கள் மேல் ஒட்டிக்கொண்டு உணவு எடுக்கும். பதிலுக்கு எதுவும் தராது. நோயைத்தான் தரும். இவை ஒட்டுண்ணிகள்.

மூன்றாம் வழி: கொடுத்து வாங்குவது. சில பூசணங்கள் செடியின் வேரோடு சேர்ந்து வாழும். மண்ணில் வேருக்கு எட்டாத இடத்துக்கு அந்த நூல்கள் போகும். அங்கே உள்ள சத்தையும் தண்ணீரையும் கொண்டுவந்து செடிக்குக் கொடுக்கும். செடி அதற்குச் சர்க்கரை கொடுக்கும். இருவருக்கும் லாபம்.

இந்தப் பாடத்தில் ஒட்டுண்ணியைப் பற்றி அதிகம் பார்ப்போம். கரும்பிலிருந்து தொடங்குவோம்.

கரும்பின் இனிப்பைத் திருடும் நோய்

உத்தரப் பிரதேசம் நம் நாட்டில் கரும்பு அதிகமாக விளையும் மாநிலம். அங்கே பல லட்சம் குடும்பங்கள் கரும்பை நம்பி வாழ்கின்றன. பத்து மாதம், பன்னிரண்டு மாதம் பாடுபட்டு வளர்ப்பார்கள். ஆலைக்கு அனுப்பினால்தான் கையில் காசு வரும். கடன் அடையும்.

அந்தக் கரும்புக்கு ஒரு பூசணம் எமனாக வருகிறது. அது தரும் நோயின் பெயர் செவ்வழுகல்.

இந்த நோயை எப்படிக் கண்டுபிடிப்பது? மழைக்காலத்தில் கரும்பின் உச்சியிலிருந்து மூன்றாவது, நான்காவது இலை மஞ்சளாகும். பிறகு காயும். கொஞ்ச நாளில் முழுக் கரும்பும் வாடும். அந்தக் கரும்பை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே சிவப்பாக இருக்கும். சிவப்புக்கு நடுவே குறுக்காக வெள்ளைத் திட்டுகள் இருக்கும். மூக்கருகே கொண்டுபோனால் புளித்த சாராய வாடை அடிக்கும்.

ஏன் இந்த வாடை? பூசணத்தின் நூல் கரும்புக்குள் படர்ந்துவிட்டது. அது சாற்றைக் கக்கிக் கரும்பின் சதையைக் கரைக்கிறது. நாம் வெல்லமாக்க வேண்டிய சர்க்கரையை அது சிதைக்கிறது. மிச்சம் புளித்துப்போகிறது. அந்தக் கரும்பில் சாறு குறையும். கிடைக்கும் சாற்றிலும் நல்ல வெல்லம் வராது.

இந்த நோய் இன்று நேற்று வந்தது அல்ல. 1930களின் கடைசியில் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் இது பெரிதாகப் பரவியது. அப்போது அங்கே கோ 213 என்ற ரகம் பரவலாக இருந்தது. அந்த ரகம் இந்த நோயால் வீழ்ந்தது.

'கோ' என்றால் என்ன? கோயம்புத்தூர் என்று பொருள். அங்கே 1912இல் கரும்பு இனப்பெருக்கு நிலையம் தொடங்கப்பட்டது. அந்த நிலையம் தரும் ரகங்களின் பெயரில் 'கோ' என்று இருக்கும்.

பிறகு புதிய ரகங்கள் வந்தன. 2009இல் கோ 0238 என்ற ரகம் வெளியானது. கோயம்புத்தூர் நிலையத்துக்கு அரியானாவில் உள்ள கர்னாலில் ஒரு கிளை உண்டு. அங்கே உருவான ரகம் இது. நல்ல விளைச்சல் தந்தது. சர்க்கரைச் சத்தும் அதிகம். உழவர்கள் மகிழ்ந்தார்கள். உத்தரப் பிரதேசத்தின் கரும்பு நிலத்தில் பாதிக்கும் மேல் இந்த ஒரே ரகம் நின்றது.

செவ்வழுகல் மீண்டும் வந்தது. இந்த ரகத்தைத் தாக்கும் வகையில் பூசணம் மாறிக்கொண்டது. பல மாவட்டங்களில் வயல் வயலாகக் கரும்பு காய்ந்தது. "இந்த ரகத்தை விட்டு வேறு ரகம் நடுங்கள்" என்று அரசே சொல்ல வேண்டியதாயிற்று.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. ஊர் முழுக்க ஒரே மாதிரிப் பூட்டு போட்டால் என்ன ஆகும்? திருடனுக்கு ஒரு கள்ளச்சாவி கிடைத்தால் போதும். எல்லா வீடும் திறந்துவிடும். ஊர் முழுக்க ஒரே ரகம் நட்டாலும் அதே கதைதான். இரண்டு மூன்று ரகங்களைப் பிரித்து நடுவது நல்லது.

செவ்வழுகலைத் தடுப்பது எப்படி?

இந்தப் பூசணம் நான்கு வழியில் வரும். நோயுள்ள கரணை வழியாக வரும். பாயும் தண்ணீர் வழியாக வரும். வயலில் விட்ட பழைய கட்டை வழியாக வரும். மழைச் சாரலோடும் காற்றோடும் வரும். வழி தெரிந்தால் அடைக்கலாம்.

1. நோய் இல்லாத வயலிலிருந்து மட்டும் விதைக் கரும்பு எடுங்கள்.
2. கரணை வெட்டும்போது வெட்டிய முனையைப் பாருங்கள். சிவப்பு தெரிந்தால் நடாதீர்கள்.
3. வயலில் நோய்க் கரும்பைக் கண்டால் அதை மட்டும் வெட்டாதீர்கள். தூரோடு, வேரோடு தோண்டி எடுங்கள். வயலுக்கு வெளியே கொண்டுபோய் எரியுங்கள்.
4. நோயுள்ள வயலின் தண்ணீரை அடுத்த வயலுக்கு விடாதீர்கள்.
5. நோய் வந்த வயலில் கட்டைக் கரும்பு விடாதீர்கள்.
6. அந்த வயலில் அடுத்த முறை நெல் போன்ற வேறு பயிர் வையுங்கள். தின்னக் கரும்பு கிடைக்காமல் பூசணம் பட்டினியால் குறையும்.
7. உங்கள் பகுதியில் நோயைத் தாங்கும் ரகம் எது என்று கேட்டு வாங்குங்கள்.

கரும்பின் உள்ளே பூசணம் படர்ந்த பிறகு மேலே மருந்து தெளித்துப் பயன் இல்லை. வருமுன் காப்பதே வழி.

மையத்தில் ஒரு பேச்சு

ஒரு கற்போர் மையத்தில் இந்தப் பாடம் நடந்தால் பேச்சு எப்படிப் போகும்? இதைப் படியுங்கள்.

பெரியவர்: ஏன் தம்பி, பனி கொட்டினால் பயிர் கருகும் என்று எங்கள் அப்பா சொல்வார். நீ பூசணம் என்கிறாய். எது சரி?

தொண்டர்: உங்கள் அப்பா நன்றாகக் கவனித்திருக்கிறார், பெரியப்பா. பனி விழுந்தால் இலை நனைகிறது. அந்த ஈரத்தில்தான் பூசணத்தின் வித்து முளைத்து இலைக்குள் நுழைகிறது. அவர் பனியைப் பார்த்தார். பூசணம் கண்ணுக்குத் தெரியாததால் அதைப் பார்க்கவில்லை.

அக்கா: எங்கள் வீட்டுப் பக்கம், யார் கண்ணோ பட்டுவிட்டது என்று சொல்கிறார்கள். வயலில் திருஷ்டிப் பொம்மை வைத்தார்கள்.

தொண்டர்: பொம்மை இருந்துவிட்டுப் போகட்டும் அக்கா. ஆனால் நோய்ச் செடியைப் பிடுங்காமல் விட்டால் அது பத்துச் செடிக்குப் பரவும். பூசணத்துக்குக் கண் இல்லை. பொம்மையைப் பார்த்து அது பயப்படாது.

பெரியவர்: (சிரித்து) அப்படியானால் பூச்சி மருந்து அடித்துவிடலாமா?

தொண்டர்: பூச்சி வேறு, பூசணம் வேறு, பெரியப்பா. பூச்சியைக் கொல்லும் மருந்து பூசணத்தைக் கொல்லாது. காசுதான் வீணாகும். நோய்ச் செடியைக் கையில் எடுத்துக்கொண்டு வேளாண்மை அலுவலகத்துக்குப் போவோம். இல்லையென்றால் 1800-180-1551 என்ற எண்ணுக்குப் பேசுவோம். அது உழவர்களுக்கான அழைப்பு மையம். கட்டணம் இல்லை.

அக்கா: எண்ணைச் சொல் தம்பி. நானே எழுதிக்கொள்கிறேன்.

நீங்களும் இந்த எண்ணை உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

கொல்லாமல் உறிஞ்சும் ஒட்டுண்ணி

செவ்வழுகல் பூசணம் கரும்பின் சதையைக் கொன்று தின்கிறது. வேறு சில ஒட்டுண்ணிகள் அப்படிச் செய்வதில்லை. அவை பயிரைச் சாகவிடாமல் உறிஞ்சும். பயிர் செத்தால் அவையும் செத்துவிடும்.

கோதுமையில் வரும் துரு நோய் அப்படிப்பட்டது. இலையிலும் தண்டிலும் இரும்புத் துரு போலப் பொடி பூத்திருக்கும். தொட்டால் விரலில் ஒட்டும். உள்ளே பூசணம் சின்னச் சின்ன உறிஞ்சிகளைச் செலுத்தியிருக்கும். இலை சமைத்த சர்க்கரை கதிருக்குப் போகாது. பூசணத்துக்குப் போகும். கோதுமை மணி சுருங்கிவிடும்.

இங்கே ஒரு புதிர் இருந்தது. வட இந்தியச் சமவெளியில் ஏப்ரல் மாதவாக்கில் கோதுமை அறுவடை முடிந்துவிடும். பிறகு கடும் வெயில். வெயிலில் துருவின் வித்து செத்துவிடும். ஆனால் அடுத்த பருவத்தில் மீண்டும் துரு வரும். அது எங்கிருந்து வருகிறது?

ஆக்ரா கல்லூரிப் பேராசிரியர் கே.சி. மேத்தா பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தார். 1940இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். துரு கோடைக்காலத்தில் குளிர்ந்த மலைகளில் தங்குகிறது. பிறகு காற்றில் ஏறிச் சமவெளிக்கு வருகிறது. வடக்கே இமயமலை, தெற்கே நீலகிரி, பழனி மலைகள். இதுதான் விடை. தண்டைத் தாக்கும் கருந்துரு பெரும்பாலும் தெற்கு மலைகளிலிருந்து கிளம்புகிறது.

காற்றுக்கு வேலி போட முடியுமா? முடியாது. அதனால் துருவைத் தாங்கும் கோதுமை ரகங்களை உருவாக்கினார்கள். நீலகிரியில் வெலிங்டன் என்ற ஊரில் இதற்காகவே ஓர் ஆராய்ச்சி நிலையம் உண்டு. துரு தங்கும் இடத்திலேயே கோதுமையைச் சோதித்துப் பார்க்கிறார்கள்.

நம் உடம்பிலும் ஒட்டுண்ணி

பூசணம் பயிரை மட்டும் தாக்குவதில்லை. படர்தாமரையைப் பார்த்திருப்பீர்கள். தோலில் வட்டமாகச் சிவக்கும். ஓரம் தடித்திருக்கும். கடுமையாக அரிக்கும். இதுவும் பூசணம்தான். தோலின் மேல்படலம், முடி, நகம் இவற்றைக் கரைத்துத் தின்னும் பூசணம்.

அது எங்கே அதிகம் வரும்? அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு, கால் விரல் இடுக்கு. ஏன்? அங்கேதான் வியர்வை தங்கும். ஈரம் இருக்கும். பூசணத்துக்கு ஈரமே வாய் என்று படித்தோம் அல்லவா?

படர்தாமரை வந்தால் பலர் மருந்துக் கடைக்குப் போய் ஏதோ ஒரு களிம்பு வாங்குகிறார்கள். அப்படிப்பட்ட சில களிம்புகளில் ஸ்டீராய்டு என்ற மருந்து கலந்திருக்கும். பூசினால் இரண்டு நாளில் அரிப்பு அடங்கும். சிவப்பு மறையும். "நல்ல மருந்து" என்று நினைப்போம். உண்மையில் பூசணம் சாகவில்லை. அதை எதிர்க்கும் நம் உடம்பின் பலம்தான் குறைந்துவிட்டது. பூசணம் இன்னும் அகலமாகப் பரவும். பிறகு குணமாக்குவது கடினம்.

ஆகவே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மருத்துவர் சொன்ன நாள் முழுவதும் மருந்து போடுங்கள். அரிப்பு நின்றவுடன் நிறுத்தாதீர்கள். துண்டு, உள்ளாடையைப் பிறரோடு பகிராதீர்கள். துணியை வெயிலில் நன்றாகக் காயப்போடுங்கள். வெட்கப்பட்டு ஈரத் துணியை மூலையில் உலர்த்தாதீர்கள்.

2021இல் கருப்புப் பூஞ்சை நோய் வந்தது நினைவிருக்கிறதா? கொரோனா வந்து தேறியவர்கள் பலரை அது தாக்கியது. அந்த ஆண்டு ஜூன் முடிவதற்குள் நம் நாட்டில் 40 ஆயிரம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டனர். அந்தப் பூசணம் சாதாரணமாக மண்ணிலும் மட்கிய குப்பையிலும் வாழ்வது. சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும், ஸ்டீராய்டு மருந்து அதிகம் எடுத்தவர்களுக்கும் உடம்பின் எதிர்ப்பு குறைந்திருந்தது. அந்த நேரம் பார்த்து மட்குண்ணி ஒட்டுண்ணியாக மாறியது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது ஏன் முக்கியம் என்று இதிலிருந்து தெரிகிறது.

தானியத்தில் தங்கும் நஞ்சு

பூசணம் சாப்பிட்டுவிட்டுச் சும்மா போவதில்லை. சில பூசணங்கள் நஞ்சை விட்டுவிட்டுப் போகும்.

1974ஆம் ஆண்டு. ராஜஸ்தானில் பான்ஸ்வாடா மாவட்டம். குஜராத்தில் பஞ்சமகால் மாவட்டம். அங்கே பழங்குடி மக்கள் அதிகம். அவர்களின் முக்கிய உணவு மக்காச்சோளம். அந்த ஆண்டு அறுவடை நேரத்தில் மழை பெய்தது. கதிர்கள் நனைந்தன. காய வைக்க வழியில்லை. பூசணம் பிடித்தது. வேறு உணவு இல்லாததால் மக்கள் அதையே உண்டார்கள்.

பலருக்குக் கண் மஞ்சளானது. வயிறு வீங்கியது. ஈரல் கெட்டது. அந்த வீட்டு நாய்களுக்கும் அதே நோய் வந்தது. பல கிராமங்களில் 397 பேர் நோயுற்றதாகக் கணக்கெடுத்தார்கள். அவர்களில் 106 பேர் இறந்தார்கள்.

ஆராய்ந்தபோது காரணம் தெரிந்தது. மக்காச்சோளத்தில் வளர்ந்த பூசணம் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கியிருந்தது. இந்த நஞ்சு நிலக்கடலையிலும் வரும். கழுவினால் போகாது. வேகவைத்தாலும் முழுவதும் போகாது. பூசணக் கடலையையும் பிண்ணாக்கையும் மாட்டுக்குக் கொடுத்தால் நஞ்சு பாலிலும் வரும்.

எனவே தானியத்தை நன்றாகக் காய வைத்த பிறகே சேமியுங்கள். பல்லால் கடித்தால் 'டக்' என்று உடைய வேண்டும். மூட்டையை வெறும் தரையில் வைக்காதீர்கள். பலகை மேல் அடுக்குங்கள். சுவரை ஒட்டி வைக்காதீர்கள். பூசணம் பிடித்த கடலை, சுருங்கிய கடலை, கசக்கும் கடலை இவற்றைப் பொறுக்கி எறியுங்கள். "வீணாகிறதே" என்று குழந்தைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

எல்லாப் பூசணமும் பகை அல்ல

முள்ளை முள்ளால் எடுப்போம் அல்லவா? பூசணத்தைப் பூசணத்தால் அடக்கலாம். டிரைக்கோடெர்மா விரிடி என்று ஒரு பூசணம் உண்டு. அது பயிரைத் தாக்காது. பயிரைத் தாக்கும் பூசணத்தின் மேல் சுற்றிக்கொண்டு அதையே தின்னும். ஒட்டுண்ணிக்கு ஒட்டுண்ணி!

பயறு, கடலை போன்ற விதைகளில் ஒரு கிலோவுக்கு 4 கிராம் வீதம் இந்தப் பொடியைக் கலந்து விதைக்கலாம். வேர் அழுகல் குறையும்.

1928இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் என்ற அறிஞர் ஒரு பூசணத்தைக் கவனித்தார். அது சுரந்த பொருள் நோய்க்கிருமிகளைக் கொன்றது. அதுதான் பென்சிலின். பிறகு அது மருந்தாகிப் பல லட்சம் உயிர்களைக் காத்தது.

வைக்கோலில் சிப்பிக்காளான் வளர்த்துச் சம்பாதிக்கும் மகளிர் குழுக்களும் உண்டு. வைக்கோலைக் கரைத்துத் தின்னும் பூசணத்தின் திறமைதான் அவர்களுக்கு வருமானம். ஆனால் காட்டில், புற்றில் முளைக்கும் எல்லாக் காளானும் உணவு ஆகாது. சில காளான்கள் கொடிய நஞ்சு. உறுதியாகத் தெரியாத காளானைச் சமைக்காதீர்கள்.

நண்பர்களே, பூசணத்தை உலகத்திலிருந்து ஒழிக்க முடியாது. ஒழிக்கவும் வேண்டாம். அதன் சாப்பாட்டு வழியை அறிந்தால் போதும். வயலில் நல்ல விதை, களஞ்சியத்தில் உலர்ந்த தானியம், உடம்பில் உலர்ந்த துணி. இந்த மூன்றும் இருந்தால் பல நோய்களுக்கு வாசல் அடைபடும்.

நினைவில் வைப்போம்

பூசணம் உணவை வெளியே கரைத்து, பிறகு உறிஞ்சுகிறது.
உயிருள்ளதை ஒட்டி உணவு எடுத்து நோய் தருவது ஒட்டுண்ணி.
ஈரம் இருந்தால் பூசணம் வளரும். உலர்ந்தால் தளரும்.
பூசணம் பிடித்த தானியம் மனிதருக்கும் ஆகாது, மாட்டுக்கும் ஆகாது.

பதில் சொல்லுங்கள்

1. செடி உணவு பெறுவதற்கும் பூசணம் உணவு பெறுவதற்கும் என்ன வேறுபாடு?
2. செவ்வழுகல் வந்த கரும்பைப் பிளந்தால் என்ன தெரியும்?
3. கோதுமைத் துரு கோடைக்காலத்தில் எங்கே தங்குகிறது?
4. 1974இல் மக்காச்சோளம் உண்டவர்களுக்கு ஏன் நோய் வந்தது?

சரியா, தவறா?

1. பூச்சி மருந்து அடித்தால் பூசண நோய் போய்விடும்.
2. நோய் வந்த வயலில் கட்டைக் கரும்பு விடக் கூடாது.
3. அரிப்பு நின்றவுடன் படர்தாமரை மருந்தை நிறுத்தலாம்.

செய்து பாருங்கள்

இரண்டு ரொட்டித் துண்டுகளை எடுங்கள். ஒன்றை வெயிலில் மொறுமொறு என்று காய வையுங்கள். மற்றொன்றில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். இரண்டையும் தனித்தனிக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மூடுங்கள். ஐந்து நாள் கழித்து மூடியைத் திறக்காமல் பாருங்கள். எதில் பூசணம் வந்தது? ஏன்? பார்த்ததை உங்கள் குறிப்பேட்டில் நான்கு வரி எழுதுங்கள். பிறகு ரொட்டியை மண்ணில் புதைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.